ஹப்பை மாற்றினால் விதிகள் கூட வராது: விவேக இல்லத்திற்கு ஏற்ற மென்பொருளைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

அந்தி சாய்ந்ததும் தானாக எரியும் வாசல் விளக்கு, நள்ளிரவில் தாத்தா எழுந்தால் கழிவறை வரை ஒளி தரும் விளக்கு, ஆளில்லாத நேரத்தில் கதவு திறந்தால் திறன்பேசிக்கு வரும் தகவல். இவை இன்று தாமான் வீடுகளிலும் அடுக்குமாடி வீடுகளிலும் காணக்கூடியவை. இவற்றை இயக்குவது ‘ஹப்’ எனப்படும் மையக் கருவியும் அதில் நாம் எழுதி வைத்த விதிகளும்தான்.

ஹப்பை மாற்றும்போது பழைய விளக்கும் உணர்கருவியும் புதியதில் வேலை செய்யுமா என்றுதான் பலரும் பார்க்கிறார்கள். பெரும்பாலும் வேலை செய்யும். ஆனால் விதிகளை மீண்டும் எழுதத்தான் வேண்டும். 2022 அக்டோபரில் வெளியான ‘மேட்டர்’ பொதுத்தரம் வெவ்வேறு நிறுவனங்களின் சாதனங்களை ஒன்றாக இயங்கச் செய்கிறது. அதுவும் விதிகளை இடம் மாற்றித் தருவதில்லை.

ஏன் மாற்ற நேர்கிறது?

ரிவோல்வ் ஹப்பின் சேவை 2016 மே மாதம் நிறுத்தப்பட்டது. விங்க் நிறுவனம் 2020இல் மாதக் கட்டணம் கேட்டது. 2022 ஏப்ரலில் இன்ஸ்டியோனின் இணையச் சேவை திடீரென நின்றது. ஸ்மார்ட்திங்ஸ் தனது பழைய ‘குரூவி’ தளத்தைக் கைவிட்டபோது, அதை நம்பியிருந்த ‘வெப்கோர்’ விதிகள் அங்கே செயலிழந்தன. ஹப் நம் வீட்டில் இருந்தாலும், விதி நிறுவனத்தின் கணினியில் ஓடினால் அதன் ஆயுள் நம் கையில் இல்லை.

முதலில் தாளில் எழுதுங்கள்

பழைய ஹப்பைக் கழற்றும் முன் ஒவ்வொரு விதியையும் மூன்று பகுதிகளாகக் குறித்துக்கொள்ளுங்கள்: எது நடந்தால், எந்த நிலையில், என்ன செய்ய வேண்டும். எடுத்துக்காட்டு: நடைபாதையில் அசைவு தெரிந்தால், இரவு 10 மணிக்கு மேல் என்றால், விளக்கை மங்கலாக எரியவிட்டு 3 நிமிடத்தில் அணைக்க வேண்டும். கைவிட வேண்டிய விதிகள் எவை என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

எந்த மென்பொருள்?

ஸ்மார்ட்திங்ஸ் செயலியில் உள்ள ‘ரூட்டீன்’ எளிது. ஆனால் சில விதிகள் ஹப்பிலேயே ஓடும். மற்றவற்றுக்கு இணையம் வேண்டும்.

ஹூபிடாட் விதிகளை வீட்டிலுள்ள ஹப்பிலேயே இயக்குகிறது. விளக்குகளுக்கு எளிய செயலிகளும், சிக்கலான விதிகளுக்கு ‘ரூல் மெஷின்’ என்பதும் உண்டு. வெப்கோர் பழகியவர்கள் அதை இங்கே தொடரலாம்.

ஹோம் அசிஸ்டண்ட் 2013இல் தொடங்கப்பட்ட திறந்த மூல மென்பொருள். ராஸ்பெர்ரி பை போன்ற சிறு கணினியிலும் ஓடும். கற்றுக்கொள்ளப் பொறுமை வேண்டும். கோடு இழுத்துப் படமாக விதி அமைக்க விரும்புவோர் இதனுடன் ‘நோட்-ரெட்’டைச் சேர்க்கலாம்.

கேட்க வேண்டிய நான்கு கேள்விகள்

1. இணையம் துண்டித்தால் விதி ஓடுமா? மோடத்தைச் சற்று நேரம் அணைத்துச் சோதியுங்கள்.

2. மின்தடைக்குப் பின் என்ன ஆகும்? ஹோம் அசிஸ்டண்டில், விதியின் நடுவே காத்திருக்கும் நேரம் மறுதொடக்கத்தில் மறைந்துவிடும். விளக்கு விடிய விடிய எரியும். ‘டைமர்’ வசதியில் மீட்பைத் தேர்வு செய்தால் இதைத் தவிர்க்கலாம்.

3. மறுபடி அசைந்தால்? மூன்று நிமிடம் முதலிலிருந்து எண்ணப்பட வேண்டும். ஹோம் அசிஸ்டண்டில் இதற்கு ‘ரீஸ்டார்ட்’ முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இல்லையேல் தாத்தா கழிவறையிலிருந்து திரும்பும்போது விளக்கு அணைந்துவிடும்.

4. நகல் எடுக்க முடியுமா? எடுத்த நகலை ஹப்புக்கு வெளியே, வேறொரு கணினியில் வையுங்கள்.

மாற்றும் நாளில்

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்ற வேண்டாம். ஓர் அறையை முடித்து, ஒரு வாரம் பார்த்துவிட்டு அடுத்த அறைக்குச் செல்லுங்கள். அதுவரை பழைய ஹப்பும் ஓடட்டும். ஆனால் ஒரே விளக்குக்கு இரண்டு ஹப்பிலும் விதி இருக்கக்கூடாது. இசட்-வேவ் சாதனத்தைப் பழைய ஹப்பிலிருந்து முறைப்படி நீக்கிய பிறகே புதியதில் சேர்க்க வேண்டும். கதவுப் பூட்டையும் அபாய மணியையும் கடைசியாக மாற்றுங்கள்.

பல வீடுகளில் இதையெல்லாம் அமைத்த பிள்ளை கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ வேலை செய்கிறார். அம்மாவும் அப்பாவும் தோட்டத்துப் பக்கம் இருக்கிறார்கள். எனவே எத்தனை விதி எழுத முடியும் என்பதைவிட, பழுதானால் வீட்டில் இருப்பவர் என்ன செய்ய முடியும் என்பதே முக்கியம். சுவர் சுவிட்சை அழுத்தினால் விளக்கு எப்போதும் எரிய வேண்டும். விதிகளின் பட்டியலைத் தமிழில் எழுதி ஹப்பின் அருகிலேயே ஒட்டி வையுங்கள்.