தமிழ்ப் படநூல்களும் தேர்வின் அளவுகோல்களும்: தென்சென்னையை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச்சுருக்கம்

குழந்தைகளுடன் பகிர்ந்து படிப்பதற்கான படநூல்களைத் தேர்ந்தெடுப்பதற்குரிய அளவுகோல்கள் தமிழ்ச் சூழலில் எவ்வாறு மாறிவந்துள்ளன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. அறிவுறுத்தல், தேசியம், குழந்தையின் பார்வை ஆகிய மூன்றும் அடுத்தடுத்து மேலோங்கியமையும், வாசிப்பு மொழிச் சிக்கல் தீராமல் நிற்பதும் எடுத்துக்காட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: படநூல், சிறுவர் இலக்கியம், தென்சென்னை, உரத்து வாசித்தல், இரட்டை வழக்கு.

முன்னுரை

தமிழ்ச் சிறுவர் இலக்கிய வரலாறு பெரும்பாலும் பாடல், கதை, இதழ் என்னும் வகைகளைக் கொண்டே எழுதப்பட்டுள்ளது. ஓவியம் அவ்வரலாற்றில் நூலுக்குரிய அணியாகவே கருதப்பட்டது. படநூலிலோ ஓவியம் கதையின் ஒரு பாதி. சொல் கூறாது விட்டதை அது கூறுகிறது. மேலும், எழுத்தறியாக் குழந்தைக்கும் நூலுக்கும் இடையே வாசித்துக்காட்டும் பெரியவர் ஒருவர் நிற்கிறார். நூலைத் தேர்பவரும் வாங்குபவரும் பெரும்பாலும் அவரே. ஆகவே, படநூலின் வரலாறு அத்தேர்வின் வரலாறும் ஆகும்.

அறிவுறுத்தலும் தேசியமும்

1840இல் வெளிவந்த ‘பால தீபிகை’ தமிழின் தொடக்ககாலச் சிறுவர் இதழ்களுள் ஒன்று. அக்காலந்தொட்டுச் சிறுவர்க்கான அச்சுப் படைப்புகளில் நீதி புகட்டலே நெடுங்காலம் முதன்மை பெற்றது. 1947இல் தொடங்கிய ‘அம்புலிமாமா’ கதையோடு ஓவியத்தையும் இணைத்துப் படம் பார்த்துக் கதை கேட்கும் பழக்கத்தை வீடுகளில் வளர்த்தது. 1950இல் அழ. வள்ளியப்பாவின் முன்முயற்சியில் குழந்தை எழுத்தாளர் சங்கம் உருவாயிற்று.

1957இல் தில்லியில் நேஷனல் புக் டிரஸ்ட், கேலிச்சித்திரக்காரர் சங்கர் நிறுவிய சில்ரன்ஸ் புக் டிரஸ்ட் ஆகிய இரண்டும் தோன்றின. முன்னதன் நேரு பால புத்தகாலய வரிசையில் ஒரே ஓவியங்கள் பல மொழிப் பதிப்புகளுக்கும் பொதுவாயின. படங்களைப் பொதுவாக வைத்து எழுத்தை மட்டும் மாற்றும் இம்முறை செலவைக் குறைத்தது. வெவ்வேறு மொழிக் குழந்தைகள் ஒரே காட்சிகளைக் காணவும் வழிசெய்தது. எனினும், பிறமொழிக்கு அளந்த இடத்தில் தமிழ்த் தொடரைப் பொருத்த வேண்டிய கட்டாயம் இம்முறையின் இயல்பிலேயே அமைந்திருந்தது. மாஸ்கோவில் தமிழில் அச்சான சிறுவர் நூல்கள் நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாகக் குறைந்த விலையில் கிடைத்தமையும் இக்காலத் தேர்வை விரிவாக்கியது.

தென்சென்னையின் பங்கு

1994இல் கீதா வுல்ஃப் தொடங்கிய தாரா புக்ஸ் திருவான்மியூரில் இயங்குகிறது. கோண்டு ஓவியர்கள் பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம்சிங் ஊர்வேதி ஆகியோரின் மர ஓவியங்களைக் கறுப்புத் தாளில் கையால் திரையச்சிட்டு 2006இல் அது வெளியிட்ட நூல் 2008இல் பொலோனியா விருது பெற்றது. நாட்டார் ஓவியம் நூலின் அணியாக நில்லாமல் நூலாகவே மாறியது. ஆயினும் அது முதலில் ஆங்கிலத்தில் வெளிவந்தது என்பது கருதத்தக்கது. 1996இல் சென்னையில் ராதிகா மேனன் தொடங்கிய தூலிகா, தமிழ் உள்ளிட்ட ஒன்பது மொழிகளிலும் இருமொழிப் பதிப்புகளாகவும் படநூல்களை வெளியிட்டது. 2010இல் திறக்கப்பட்ட கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் குழந்தைகளுக்குத் தனிப்பிரிவை அமைத்தது. 2023இல் தொடங்கிய அரசுப் பள்ளி வாசிப்பு இயக்கம் நூல்களை ‘நுழை, நட, ஓடு, பற’ என நான்கு நிலைகளாக வகுத்தது. நீதியின் இடத்தில் குழந்தையின் வாசிப்பு நிலை அளவுகோலாயிற்று.

வாசிப்பு மொழி

இவ்வளர்ச்சிக்குப் பின்னும் ஒரு சிக்கல் எஞ்சுகிறது. நூலில் ‘வந்துவிட்டான்’ என்றிருப்பதைத் தாய் ‘வந்துட்டான்’ என்று வாசிக்கிறாள். எழுத்து வழக்கை அப்படியே வாசித்தால் கதை பாடமாகிவிடும். முற்றிலும் மாற்றினால் நூல்மொழி குழந்தையின் செவிக்கு எட்டாது. பல மொழியினர் குடியேறியுள்ள தாம்பரம் முதலிய தென்புறநகர்ப் பகுதிகளில் இச்சிக்கல் மேலும் கூர்மை பெறுகிறது. ஆங்கிலவழிப் பள்ளிக்குச் செல்லும் குழந்தைக்கு ஆங்கிலப் படநூலே போதும் எனக் கருதும் வீட்டில், தமிழ் நூல் தேர்வுக்கே வராமற் போகலாம். எனவே, உரத்து வாசிக்கும்போது நாவுக்கு இசைகிறதா, இரண்டு வழக்குகளுக்கும் இடம் தருகிறதா என்பன தேர்வின் முதன்மை வினாக்களாக வேண்டும்.

முடிவுரை

பெரியவர் தேர்ந்த நூலை விருப்ப நூலாக்குவது ‘இன்னொரு முறை’ என்னும் குழந்தையின் வேண்டுகோளே. அவ்வேண்டுகோளும், வாசிப்பவர் செய்யும் வாய்மொழி மாற்றங்களும் பதிப்புப் பட்டியல்களில் இடம்பெறுவதில்லை. வீடுகளிலும் கிளை நூலகங்களிலும் அவற்றைப் பதிவு செய்யும் கள ஆய்வுகள் மேற்கொள்ளப்படின், தமிழ்ப் படநூல் வரலாறு பதிப்பாளர் வரலாறாக மட்டும் நில்லாது வாசகர் வரலாறாகவும் விரியும்.