காந்தளூர் முறை ஏறிய செப்பேடு

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவில் கிழக்கு நோக்கி நடந்தால், வத்தல் மிளகாய் மூட்டைகளின் நெடி குறையும்போது வலியசாலை வந்துவிடும். அங்குள்ள சிவன் கோயிலுக்குக் காந்தளூர் மகாதேவர் கோயில் என்று பெயர். திருவிதாங்கூர் திவான் ராஜா கேசவதாசர் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இந்தக் கடைத்தெருவை அமைப்பதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே காந்தளூர்ச் சாலை பெயர்பெற்றிருந்தது. அந்தச் சாலை தெரு அல்ல, சட்டர்கள் எனப்பட்ட வேத மாணவர்கள் உண்டு உறைந்து கற்ற இடம். அது வலியசாலையில்தான் இருந்தது என்பவர்களும் உண்டு, விழிஞம் பக்கம் என்பவர்களும் உண்டு.

அங்கே என்ன ஒழுங்கு நிலவியது என்று சொல்லும் ஏடு காந்தளூருடையது அல்ல. அது குமரி மாவட்டத்துப் பார்த்திவபுரத்துச் செப்பேடு. கி.பி. 866-இல் ஆய் மன்னன் கோக்கருநந்தடக்கன், முஞ்சிறைச் சபையாருக்கு மாற்று நிலம் கொடுத்து இடம் வாங்கி, விஷ்ணு கோயில் எடுத்து, ஊருக்குப் பார்த்திவசேகரபுரம் என்று பெயரிட்டான். கூடவே காந்தளூர் முறைப்படி 95 சட்டர்களுக்கு ஒரு சாலையும் வைத்தான். நாளைக்கூட எண்ணி எழுதியிருக்கிறார்கள்: கலியுகத்தின் 14,49,087-ஆம் நாள்.

ஆய் நாடு பாண்டியனுக்கும் சேரனுக்கும் நடுவே சிக்கிய எல்லை நாடு. அங்கே வைத்த இந்தச் சாலையில், வேதப் பிரிவு வாரியாக, பவிழியர் 45 பேர், தைத்திரீயர் 36 பேர், தலவகாரர் 14 பேர். சட்டருக்கு இலக்கணமும் புரோகிதமும் மட்டும் போதாது, மூன்று அரசுகளின் நடைமுறையும் தெரிந்திருக்க வேண்டும். அடுத்து வருவதைப் படித்தபோது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. சபைக்கு ஆயுதத்தோடு வரக் கூடாது. சக சட்டனை வைதால் தண்டம். ஆயுதத்தால் தாக்கினால் தண்டம் கூடும். மடத்தில் பெண்களை வைத்துக்கொள்ளக் கூடாது. நடக்காத சண்டைக்கு யாரும் செம்பில் தண்டம் வெட்டிவைக்க மாட்டார்கள். இந்தச் சட்டர்கள் ஏட்டோடு வாளும் எடுத்தவர்கள் என்று வரலாற்றாசிரியர் எம். ஜி. எஸ். நாராயணன் சொன்னதை நான் அப்படியே ஏற்கிறேன்.

985-இல் பட்டத்துக்கு வந்த சோழன் முதலாம் ராஜராஜன் மேற்கே படை நடத்தி, காந்தளூர்ச் சாலையில் கலமறுத்ததை மெய்க்கீர்த்தியில் பொறித்துக்கொண்டான். கலம் என்பது கப்பலா, சட்டர்கள் உண்ட கலமா என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இதற்காகவே தனியாக ஒரு நூல் எழுதினார்.

பார்த்திவபுரத்து ஏடு அழியாமல் தப்பியது. திருவிதாங்கூர் அரசின் ஹசூர் கச்சேரிக்கு வந்து சேர்ந்தது. ஹசூர் அலுவலகச் செப்பேடு என்றே அதற்குப் பெயரும் நின்றுவிட்டது. தொல்லியல் துறையின் கோபிநாத ராவ் அதைப் படித்து, திருவிதாங்கூர் தொல்லியல் வரிசையின் முதல் தொகுதியில் அச்சேற்றினார். காந்தளூரிலிருந்து தெற்கே போன முறை, செம்பில் ஏறித் திருவனந்தபுரத்துக்குத் திரும்பிவிட்டது. 1869-இல் திறந்த கச்சேரிக் கட்டடம்தான் இன்றைய தலைமைச் செயலகம். அங்கிருந்து கிழக்கேகோட்டை வழியாக, சாலைக் கடைத்தெருவைக் கடந்து, வலியசாலைக்கு நடந்தே போய்விடலாம்.