மைக்கூடும் மில்லிலிட்டர் கணக்கும்

மை தீர்ந்துவிட்டது என்பதற்காக ஊற்றுப் பேனாவை யாரும் வீசி எறிவதில்லை. மீண்டும் நிரப்பி எழுதுகிறோம். ஆனால் இங்க்ஜெட் எனப்படும் மைவீச்சு அச்சுப்பொறிகள் பலவற்றில், மை தீர்ந்ததும் முள்ளையும் சேர்த்து எறிவது போன்ற ஒரு வழக்கம் ஏற்பட்டது. அது எப்படி வந்தது?

1977-ஆம் ஆண்டில் ஜப்பானின் கேனன் நிறுவன ஆய்வாளர் இச்சிரோ எண்டோவின் ஆய்வுக்கூடத்தில், பற்றவைக்கும் சூட்டுக்கோல் ஒன்று மை நிறைந்த ஊசிக்குழலின் ஊசியில் தற்செயலாகப் பட்டது. உடனே ஊசிமுனையிலிருந்து மை பீறிட்டது. சூட்டினால் உள்ளே தோன்றிய ஆவிக்குமிழே மையைத் தள்ளியது. அமெரிக்காவின் ஹியூலட்-பக்கார்டு நிறுவனத்தாரும் தனியே இதே தத்துவத்தைக் கண்டறிந்தனர். மிக நுண்ணிய மின்தடை ஒன்று சில மைக்ரோ வினாடிகளில் சூடேறுகிறது, குமிழ் எழுகிறது, ஒரு சொட்டு மை தாளில் விழுகிறது.

நுண்துளைகள் அடைபடும், மின்தடைகள் தேயும். ஆகவே 1984-இல் வந்த 'திங்க்ஜெட்' அச்சுப்பொறியில், அச்சுமுனையையும் மையையும் ஒரே கூட்டில் அமைத்து, மை தீர்ந்ததும் முழுவதையும் மாற்றச் செய்தனர். கார்ட்ரிட்ஜ் எனும் மைக்கூடு இவ்வாறு பரவியது. நாளடைவில் அச்சுமுனைகள் உறுதிபெற்றன. மை தீர்ந்த பின்னும் அவை நன்றாகவே இருந்தன. எண்டோவின் ஆய்வுக்கூடத்தில் இருந்த அதே ஊசிக்குழல், மறுநிரப்புவோர் கைக்கு வந்தது!

மறுநிரப்பியவர்கள் வேறொன்றையும் கண்டனர். ஹியூலட்-பக்கார்டின் 45-ஆம் எண் மைக்கூட்டில் 42 மி.லி. கறுப்பு மை இருந்தது. பின்னர் வந்த 56-ஆம் எண்ணில் 19 மி.லி.; அதே வடிவக் கூடுடைய 21-ஆம் எண்ணில் 5 மி.லி. மட்டுமே. எனவே 21-ஆம் எண்ணை மறுநிரப்பும்போது, புதியதில் இருந்ததைவிடக் கூடுதல் மை ஏற்ற முடிந்தது. கூட்டின் பருமனை வைத்து மையின் அளவை மதிப்பிடலாகாது என்பது இதனால் விளங்கும்.

அப்படியானால் மறுநிரப்பியதே எப்போதும் இலாபமா? அவசரப்பட வேண்டாம். பல கூடுகளினுள் மெல்லிய பஞ்சு ஒன்று உண்டு. அதன் நுண்புழைகள் மையை உள்நோக்கி இழுத்துப் பிடிப்பதால்தான் துளைகள் வழியே மை ஒழுகுவதில்லை. அளவுக்கு மீறி நிரப்பினால் இப்பிடிப்புத் தளர்ந்து மை கசியும். இடையில் காற்று தங்கினால் மை இருந்தும் அச்சு விழாது. காய்ந்துபோன அச்சுமுனைக்கு எவ்வளவு மை ஊற்றியும் பயனில்லை.

விற்ற கூட்டின் மீது உற்பத்தியாளருக்கு உரிமை உண்டா என்ற வழக்கும் எழுந்தது. லெக்ஸ்மார்க் நிறுவனத்தின் டோனர் கூடுகள் பற்றிய வழக்கில், பொருளை விற்றதுமே அதன்மீதான காப்புரிமை தீர்ந்துவிடுகிறது என 2017-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்கு முன்பே, 2010-இல், எப்சன் நிறுவனம் புட்டியிலிருந்து மை ஊற்றும் தொட்டியுடைய அச்சுப்பொறியை இந்தோனேசியாவில் அறிமுகம் செய்திருந்தது. ஊற்றுப் பேனாவின் வழிக்கே அச்சுப்பொறியும் திரும்பியது எனலாம்.

மாணவர்கள் இதை எளிதில் சோதிக்கலாம். மைக்கூட்டைப் பொருத்துமுன் நுண்தராசில் நிறுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். மை தீர்ந்ததும் மீண்டும் நிறுங்கள். நீரை அடிப்படையாகக் கொண்ட மை 1 மி.லி. ஏறத்தாழ 1 கிராம் இருக்கும்; எனவே எடைக் குறைவே செலவான மையின் அளவு. ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்ப அச்சிட்டு, நன்கு விழுந்த பக்கங்களை மட்டும் எண்ணுங்கள். கூட்டின் விலையை அந்த எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு பக்கத்தின் மைச்செலவு கிடைக்கும். புதிய கூட்டுக்கும் மறுநிரப்பியதற்கும் இவ்வாறே கணக்கிட்டு ஒப்பிடுங்கள். எது மலிவு என்பதை விளம்பரம் அன்று, தராசே சொல்லும்.