நாள் குறித்தவர்களும் வேலை பார்த்தவர்களும்

உலகம் முடியப்போகிறது என்று நம்புவதற்குத் திண்டுக்கல் சமவெளிக்குக் காரணங்கள் குறைவாக இருந்ததே இல்லை. மைசூரை ஆண்ட ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிசா பேகம் அடக்கமான இடம் என்பதால் திண்டுக்கல்லின் பேகம்பூருக்கு அந்தப் பேர் வந்ததாகச் சொல்கிறார்கள். அந்த மைசூர் ஆட்சி 1792 ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையோடு இங்கே முடிந்து, இந்தச் சீமை ஆங்கிலேயக் கும்பினியார் கைக்குப் போனது. இருபது ஆண்டு ஆவதற்குள், 1809 முதல் 1811 வரை, திண்டுக்கல், மதுரை, கோவை, நெல்லைப் பகுதிகளைக் காய்ச்சல் வாரிக்கொண்டு போனது. 1876இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் சென்னை மாகாணம் முழுவதும் லட்சக்கணக்கில் செத்தார்கள். போர், கொள்ளைநோய், பஞ்சம் என்று மத்தேயு 24ஆம் அதிகாரம் சொல்லும் அடையாளங்களில் பெரியவை எல்லாம் ஒரு நூற்றாண்டுக்குள் வந்து போய்விட்டன. ஆகவே கடைசிக் காலக் கணிப்புகளை இந்த மண்ணின் கிறிஸ்தவர்கள் எப்படி எதிர்கொள்ள வேண்டும் என்பதற்கு விடை தேட வானத்தைப் பார்க்க வேண்டியதில்லை, வரலாறே போதும். குறித்த நாள் பலித்ததா என்பதைவிட, அந்த நம்பிக்கை மனிதர்களின் கையில் வேலையைக் கொடுத்ததா, கையிலிருந்த வேலையைப் பிடுங்கியதா என்பதுதான் அந்த வரலாறு நம்மைக் கேட்கச் சொல்லும் கேள்வி.

திண்டுக்கல்லுக்குப் புராட்டஸ்டன்ட் மிஷன் வந்த கதையே ஒரு கடைசிக் கால எதிர்பார்ப்பில் தொடங்குகிறது. 1834இல் மதுரையிலும் அடுத்த ஆண்டு திண்டுக்கல்லிலும் கால் வைத்த அமெரிக்கன் மதுரை மிஷனை அனுப்பியது அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து வட்டாரத்துச் சபைகள். சுவிசேஷம் உலகெங்கும் பரவப் பரவ ஆயிர வருட அரசாட்சி நெருங்கி வரும் என்று அந்தச் சபைகளில் பலரும் நம்பினார்கள். அந்தச் சபைகளின் அதே மிஷன் அமைப்பின் சார்பில் பம்பாயில் ஊழியம் செய்த கார்டன் ஹாலும் சாமுவேல் நியூவெலும் 1818இல் வெளியிட்ட ஒரு சிறு நூலில், உலகம் முழுவதற்கும் சுவிசேஷம் சொல்ல எத்தனை ஊழியர்கள் தேவை, அதற்கு எவ்வளவு செலவாகும் என்று கணக்கே போட்டுக் காட்டினார்கள். ஆட்கணக்கும் பணக்கணக்கும் இருந்ததால் அந்த எதிர்பார்ப்பு பள்ளிக்கூடமாகவும் அச்சுக்கூடமாகவும் மருந்தகமாகவும் மாறியது. திண்டுக்கல்லில் பல பத்தாண்டுகள் மருத்துவ ஊழியம் செய்த எட்வர்ட் செஸ்டர் அந்த வழியில் வந்தவர்தான்.

அதே தலைமுறையில், அதே அமெரிக்க வடகிழக்கில், வில்லியம் மில்லர் என்ற விவசாயி தானியேல் புத்தகத்தின் 2300 நாட்களை ஆண்டுகளாக எண்ணிக் கூட்டி, கிறிஸ்து வருவது 1843இல் என்று முடிவுக்கு வந்தார். அது தப்பியதும், அவர் பின்னால் திரண்டவர்கள் 1844 அக்டோபர் 22 என்று நாளே குறித்துவிட்டார்கள். ஆண்டவர் வரப்போகிறார், அறுவடை எதற்கு என்று உருளைக்கிழங்கைத் தோண்டாமல் நிலத்திலேயே விட்டவர்கள் உண்டு. மறுநாள் விடிந்தது. சிலர் விசுவாசத்தையே விட்டார்கள். மிஞ்சியவர்களிலிருந்து வளர்ந்த ஏழாம் நாள் அட்வெந்து சபை, பிறகு நாள் குறிப்பதையே கைவிட்டது. 1908இல் தென் தமிழ்நாட்டில் நாசரேத் அருகே பிரகாசபுரத்துக்கு அவர்கள் வந்தபோது மருத்துவமும் பள்ளியும் கூடவே வந்தன.

நாள் குறித்து ஏமாறுவது நம் பக்கத்திலும் நடந்திருக்கிறது. பாலக்காட்டுப் பக்கத்துத் தமிழ்ப் பிராமணக் குடும்பத்தில் பிறந்து, 1861இல் திருவிதாங்கூரில் ஞானஸ்நானம் பெற்று ஆங்கிலிக்கன் குருவான யுஸ்துஸ் யோசேப்பு சாதாரணப் பிரசங்கியார் அல்ல. அவர் இயற்றிய கீர்த்தனைகளைக் கேரளத்துச் சபைகள் இன்றும் பாடுகின்றன. 1875இன் எழுப்புதல் அலையில், ஆறே ஆண்டில் கிறிஸ்து வருவார் என்ற தரிசனச் செய்தியை அவர் ஏற்றுக்கொண்டார். தாய்ச்சபையை விட்டுக் கூட்டமாக ஆட்கள் அவர் பின்னால் போனார்கள். தாது வருஷப் பஞ்சமும் அந்த ஆறு ஆண்டுகளுக்குள்தான் வந்தது என்பதை நினைத்தால் அவர்களைப் பார்த்துச் சிரிக்கத் தோன்றாது. 1881 வந்தது, போனது. வருகை ஆவிக்குரிய விதத்தில் நிறைவேறிவிட்டது என்று விளக்கம் மாறியது. கூட்டம் கரைந்து சிறு சபையாகச் சுருங்கியது. படிப்பும் பக்தியும் உள்ளவர் சொன்னால் கணக்கு சரியாக இருக்கும் என்ற எண்ணத்துக்கு இந்த ஒரு வாழ்க்கையே பதில்.

மிஷனரிகளின் எதிர்பார்ப்பும்தான் பலிக்கவில்லையே, இரண்டும் ஒரே தவறுதானே என்று கேட்கலாம். உண்மைதான், உலகம் அவர்கள் நினைத்தபடி மாறவில்லை. தங்கள் நாகரிகமே உயர்ந்தது என்ற நினைப்பும் அவர்களிடம் இருந்தது. ஆனால் அவர்கள் கணக்கு தப்பியதால் யாரும் நிலத்தை விற்றுவிட்டு நடுத்தெருவில் நிற்கவில்லை. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகவே இருந்தது. தப்பினாலும் பிறருக்குப் பயன்படும் நம்பிக்கை ஒன்று, தப்பினால் நம்பியவரையே சாய்த்துவிடும் நம்பிக்கை இன்னொன்று.

நாள் நெருங்கிவிட்டது என்ற அச்சம் இல்லாவிட்டால் விசுவாசம் தூங்கிவிடும் என்பது இன்னொரு வாதம். விழித்திருங்கள் என்று இயேசு சொன்னது மெய். ஆனால் அந்த நாளையும் நாழிகையையும் பிதாவைத் தவிர ஒருவரும் அறியார் என்பதைத்தான் மாற்கு 13ஆம் அதிகாரம் அதற்குக் காரணமாகக் காட்டுகிறது. நாள் தெரிந்துவிட்டால் விழித்திருக்க வேண்டிய தேவையே இல்லை. கர்த்தருடைய நாள் வந்துவிட்டது என்று தன் பெயரில் கடிதம் வந்தாலும் கலங்காதீர்கள் என்று தெசலோனிக்கேயருக்கு எழுதிய பவுல், அதே நிருபத்தில் வேலை செய்யாமல் திரிகிறவர்களைக் கண்டித்து, அமைதியாக உழைத்துச் சாப்பிடச் சொல்கிறார். பேகம்பூரின் இஸ்லாமியரும் ஈசா நபியின் வருகையை எதிர்பார்ப்பவர்கள்தான். கியாமத் நாளை அல்லாஹ் ஒருவனே அறிவான் என்பது அவர்கள் வேதத்திலும் உண்டு. இந்த ஒரு விஷயத்தில் பள்ளிவாசலும் தேவாலயமும் முரண்படவில்லை.

இன்று கணிப்புகள் சுவரெழுத்தைத் தாண்டி யூடியூபுக்கு வந்துவிட்டன. ‘இயேசு சீக்கிரம் வருகிறார்’ என்று சுவரில் எழுதுவது விசுவாச அறிக்கை. அதன் கீழே தேதி போடுவது வேறு காரியம். தேதியோடு வருகிறவரிடம் விசுவாசிகள் கேட்க வேண்டியவை சில: இதற்கு முன் குறித்த நாள் தப்பியபோது சபைக்கு முன்பாக அதை ஒப்புக்கொண்டாரா? வேலையை விடு, நகையைக் கொடு, படிப்பை நிறுத்து என்கிறாரா? அவருடைய சொந்த வீடும் வங்கிக் கணக்கும் அந்தத் தேதியை நம்புகின்றனவா? போதகர்களுக்கும் ஒரு கடமை உண்டு. மேடையேறி அந்தக் கணக்கை மறுகணக்கால் உடைப்பது வீண் வேலை. நாட்காட்டியே அதை உடைத்துவிடும். நாள் தப்பிய மறுவாரம் வெட்கத்தோடு திரும்பி வருகிறவரைக் கேலி பேசாமல் சேர்த்துக்கொள்ளவும், விட்ட வேலையை அவர் மறுபடி பிடிக்கக் கைகொடுக்கவும் சபை ஆயத்தமாக இருக்க வேண்டும். வருகைக்கு ஆயத்தம் என்பதில் இதுவும் சேர்ந்ததுதான்.