கமண்டல நதிக்கரையில் படைவீடு

சவ்வாது மலையில் பிறக்கும் கமண்டல நதி சமவெளியைத் தொடுமிடத்தில் உள்ளது படைவீடு. இன்று படவேடு என வழங்கும் இவ்வூரை வாழைத்தோட்டங்களாலும் ரேணுகாம்பாள் கோயிலாலுமே பலரும் அறிவர். ஒரு பேரூரின் எச்சம் இது என்பதை, மண்மூடிக் கிடந்து பின்னர் வெளிக்கொணரப்பெற்ற அம்மையப்பேசுவரர் கோயில் போன்றவையே உணர்த்துகின்றன.

ஊரின் பழங்கதை ஆற்றிலிருந்தே தொடங்குகின்றது. சமதக்கினி முனிவரின் மனைவி ரேணுகை நாள்தோறும் ஆற்றுமணலால் குடம் வனைந்து நீர் முகந்து வருவாள். ஒருநாள் நீரில் கந்தருவனின் நிழல் கண்டு ஒருகணம் வியந்தாள்; குடம் குலையவில்லை, கரைந்தது. முனிவர் ஆணையால் மகன் பரசுராமனே தாயின் தலையைக் கொய்தான். அத்தலையே இங்குத் தெய்வமாக வணங்கப்பெறுகின்றது. வெட்டச் சொன்னவரைவிட வெட்டுண்டவளுக்கே மக்கள் பெருங்கோயில் எடுத்தனர் என்பது நோக்கத்தக்கது.

வரலாற்றுக் காலத்தில் இவ்வூர் சம்புவராயரின் தலைநகர். சோழர்க்கு அடங்கிய குறுநில மன்னராயிருந்த இவர்கள், 14ஆம் நூற்றாண்டில் தனியரசாயினர். மலையை அரணாகவும் ஆற்றை நீர்நிலையாகவும் பெற்ற இடம் தலைநகரானதில் வியப்பில்லை. அந்நூற்றாண்டின் நடுப்பகுதியில் விசயநகர இளவரசன் குமார கம்பணன் படையெடுத்து வந்தான். இராசகம்பீரக் கோட்டையை அவன் முற்றுகையிட்டதை, அவன் மனைவி கங்காதேவி 'மதுரா விசயம்' என்னும் வடமொழிக் காப்பியத்தில் பாடியுள்ளாள். தோற்றவர் பக்கமிருந்து பாடிய காப்பியம் ஏதும் நமக்குக் கிட்டவில்லை.

சம்புவராயர் ஆட்சி ஒடுங்கினும் ஊர்ப்பெயர் மறையவில்லை. அது விசயநகரப் பேரரசின் ஒரு நிருவாகப் பகுதிக்கே பெயராயிற்று. இரண்டாம் தேவராயன் காலத்து, சகம் 1347ஆம் ஆண்டுக் கல்வெட்டொன்று படைவீட்டு இராச்சியத்து அந்தணரின் உடன்படிக்கையைத் தருகின்றது. கன்னடியர், தமிழர், தெலுங்கர், இலாளர் ஆகிய பல பிரிவினரும் கூடி, இனித் திருமணங்களைக் கன்னிகாதானமாகவே நடத்துவதென முடிவு செய்தனர். பொன் வாங்கிப் பெண் கொடுப்பவரும் பொன் கொடுத்துப் பெண் கொள்பவரும் அரசதண்டத்திற்கு உள்ளாவர். அந்தணர் குழுவினின்றும் நீக்கப்படுவர்.

கோட்டை பிடித்த செய்தியைவிட இதுவே படைவீட்டு வரலாற்றின் அரிய பக்கம். அன்று பொன் பெண்வீட்டை நோக்கிச் சென்றது. பிற்காலத்தில் அது திசைமாறியதால் 1961இல் வரதட்சிணைத் தடைச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. ஆயினும் கல்வெட்டைப் பெண்ணுரிமை ஆவணமாகக் கொள்வது மிகையாகும். தானம் என்னும் சொல்லே பெண்ணைக் கொடைப்பொருளாக்குகின்றது. அவள் விருப்பம் அங்கு வினவப்பெறவில்லை.

இவ்வுடன்படிக்கை பொறித்த கல் படைவீட்டில் இல்லை. அதனைக் காண விழைவோர் வேலூரை அடுத்த விரிஞ்சிபுரத்திற்கு, பாலாற்றங்கரைக் கோயிலுக்குச் செல்லவேண்டும்.