மட்டக்களப்பு வாவி முகத்துவாரத்தின் மாரிகாலக் கண்காணிப்பு

இலங்கையின் கிழக்குக் கரையில் வடகீழ்ப் பருவமழை பெய்யும் மாதங்களில் மட்டக்களப்பு வாவியின் நீர்மட்டம், அதில் வந்து சேரும் ஆறுகளின் வரத்து, வாவிக்கும் கடலுக்கும் இடையே கிடக்கும் மணற்திட்டின் நிலை ஆகியவற்றை ஒருசேர நோக்கி, திட்டை எப்போது வெட்டிவிடுவது என்று தீர்மானிக்கும் பணியே இங்கு முகத்துவாரக் கண்காணிப்பு என்று குறிக்கப்படுகிறது. வாவி கடலோடு சேரும் வாய் முகத்துவாரம் அல்லது ஆற்றுவாய் என வழங்குகிறது.

ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமும் 140 சதுரக் கிலோமீற்றர் அளவிலான பரப்பும் கொண்ட இந்த வாவி, கரையை ஒட்டி வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கிறது. கடலுக்கும் வாவிக்கும் நடுவில் ஒடுங்கிய நிலமாக உள்ள பக்கம் எழுவான்கரை என்றும், வயல்வெளிகள் நிறைந்த மேற்குப் பக்கம் படுவான்கரை என்றும் அழைக்கப்படுகின்றன. உன்னிச்சை, நவகிரி முதலிய குளங்கள் நிரம்பி வான் பாயும்போது, அதாவது மிகுநீர் கலிங்கின் வழியே வெளியேறும்போது, அந்த நீரும் ஆறுகளின் வெள்ளமும் படுவான்கரை வழியாக வாவியை வந்தடைகின்றன. இவ்வளவு நீரும் கடலுக்குச் செல்ல நகருக்கு வடக்கே பாலமீன்மடுவிலும், தெற்கே கல்லாற்றிலும் என இரண்டு வாய்களே உள்ளன; இடையில் மண்முனை, பட்டிருப்பு, வலையிறவு, கல்லடி ஆகிய பாலங்கள் நிற்கும் ஒடுக்கங்களில் ஓட்டம் தடைப்படுவதால், வாவி முழுவதும் ஒரே மட்டத்தில் உயர்வதோ வடிவதோ இல்லை. எனவே ஓரிடத்து அளவுகோலை மட்டும் கொண்டு வாவியின் நிலையைச் சொல்ல முடியாது.

மழை குறைந்த மாதங்களில் ஆற்று வரத்து நின்றுவிடுவதால் வாயில் வெளியோட்டம் நலிகிறது. இக்கரையில் வற்றுக்கும் பெருக்குக்கும் இடையிலான உயர வேறுபாடு ஒரு மீற்றருக்கும் குறைவு என்பதால், கடலின் ஏற்ற இறக்கத்தால் மட்டும் வாயைத் திறந்து வைத்திருக்க இயலாது. கரையோரமாக நகரும் மணலை அலைகள் குறுக்கே தள்ளி அடைத்துவிடுகின்றன. மாரி தொடங்கும்போது திட்டு மூடியே இருந்தால், வாவி ஒரு பெருங்குளம் போல நிறையத் தொடங்கும்.

வெட்டும் வேலை பார்ப்பதற்கு எளியது. முன்னர் மண்வெட்டியாலும் இன்று மண் தோண்டும் இயந்திரத்தாலும், திட்டின் தாழ்ந்த பகுதியில் வாவியிலிருந்து கடல் நோக்கி ஓர் ஒடுங்கிய வாய்க்கால் இழுக்கப்படுகிறது. கடைசி மண் அகற்றப்பட்டதும் மெல்லிய ஓடையாகப் பாயும் நீர், தன் வேகத்தாலேயே அடிமணலை அரித்து, கரைகளைச் சரித்து, வாயை மேலும் மேலும் அகலமாக்கிக்கொள்கிறது. ஆனால் இந்த அரிப்பு முழுவதும் வாவிமட்டத்துக்கும் கடல்மட்டத்துக்கும் உள்ள உயர வேறுபாட்டைப் பொறுத்தது. வேறுபாடு சிறிதாக இருக்கும்போது வெட்டினால் நீர் சோம்பி ஓடும். அலைகள் கொண்டுவரும் மணல் வாய்க்காலை மறுபடி அடைத்துவிடும். மாரியில் காற்றும் அலையும் கரையோரக் கடல்மட்டத்தையே உயர்த்துவதால், வாவி உயர்ந்திருப்பது மட்டும் போதாது, கடல் வற்றும் நேரமும் பார்க்கப்பட வேண்டும். காத்திருந்து மட்டம் மிக உயர்ந்த பின் வெட்டினாலோ, நகரின் புளியந்தீவைச் சூழ்ந்த தாழ்நிலக் குடியிருப்புகளும் படுவான்கரை வயல்களும் அதற்குள் நீரில் நின்றுவிடும்.

காலத்தைக் கணிப்பதில் நலன்களும் மோதுகின்றன. பெரும்போக நெற்பயிர் மூழ்காமல் காக்க உழவர் விரைவில் வெட்டச் சொல்வர். ஆனால் வாய் திறந்து வெள்ளம் வடிந்த பின் உட்புகும் உவர்நீர், கரையோர வயல்களுக்கு அவர்களே அஞ்சும் பொருளாகிறது. கடலிலிருந்து இறால் குஞ்சுகள் உள்ளே வர மீனவருக்கு வாய் திறக்க வேண்டும். பொருந்தாத நேரத்தில் திறந்தால் வாவியில் வளர்ந்த மீன் கடலுக்குப் போய்விடும். ஆகவே மாவட்ட நிருவாகம், நீர்ப்பாசனத் திணைக்களம், உழவர், மீனவர் ஆகியோர் கலந்து எடுக்கும் முடிவாகவே முகத்துவாரம் வெட்டுதல் அமைவது தகும். வளிமண்டலவியல் திணைக்களத்தின் மழை முன்னறிவிப்பும், 2005ஆம் ஆண்டின் சட்டத்தின்படி நிறுவப்பட்ட அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் எச்சரிக்கைகளும் இம்முடிவுக்குத் துணையாகின்றன. குளத்து வான்கதவுகள் திறக்கப்படும் செய்தி முகத்துவாரத்துக்கு உரிய நேரத்தில் எட்டுவது இவை எல்லாவற்றிலும் முதன்மையானது; மேல்நிலத்தில் பெய்த மழை வாவியை வந்தடைய எடுக்கும் இடைவெளியே வெட்டுவோருக்குக் கிடைக்கும் அவகாசம். 1957 டிசம்பரிலும் 2011 ஜனவரியிலும் கிழக்கை மூழ்கடித்த வெள்ளங்கள், அந்த அவகாசம் எவ்வளவு அருமையானது என்பதை உணர்த்தின.

குளிர்நாடுகளின் ஆறுகளில் மணற்திட்டின் இடத்தைப் பனிக்கட்டி பிடிக்கிறது. உறைந்த மேற்பரப்பு உடையும்போது பாளங்கள் வளைவுகளிலும் பாலங்களிலும் சிக்கி ஆற்றை அடைக்க, அணையின் பின்னால் போல வெள்ளம் மேல்நோக்கித் தேங்குகிறது. அதனால் அங்கு உறையும் நாளும் உடையும் நாளும் ஆண்டுதோறும் குறிக்கப்படுகின்றன: சுவீடன், பின்லாந்து எல்லையில் ஓடும் தோர்னியோ ஆற்றில் பனி உடைந்த நாட்களின் பதிவு 1693 முதலும், அலாஸ்காவின் நெனானாவில் தனானா ஆற்றுக்குரிய பதிவு 1917 முதலும் தொடர்கின்றன. எளிய இந்த நாட்குறிப்புகளே இன்று காலநிலை மாற்றத்தை அறிய மதிப்புமிக்க சான்றுகளாகிவிட்டன. முகத்துவாரம் திறந்த நாள், மூடிய நாள், வெட்டியபோது இருந்த நீர்மட்டம் ஆகிய மூன்றையும் இடையறாது எழுதிவைப்பது மட்டக்களப்புக்கும் அதே பயனைத் தரும். கரையில் வாழும் முதிய மீனவரின் நினைவில் உள்ளவையும் அதில் சேர்க்கப்பட வேண்டியவை.

2014இல் ஐரோப்பிய விண்வெளி முகமை ஏவிய சென்டினல்-1 போன்ற ராடார் செயற்கைக்கோள்கள் முகிலை ஊடுருவிப் பார்ப்பதால், மாரிக்காலத்திலும் வாய் திறந்துள்ளதா என்பதை வானிலிருந்து ஓரளவு அறியலாம். வாயின் ஆழத்தை அவை காட்டுவதில்லை. அதைத் தோணியில் சென்று கம்பாலோ கருவியாலோ அளந்தே அறிய வேண்டும்.