சபராளியின் கையில் ஒரு மார்புப் படம்

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைக் கடந்து கல்வராயன் மலை ஏறினால் கரியாலூரை அடையலாம். 1976 வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்த மலை இது. மலையாளிப் பழங்குடி மக்களிடம் கடுக்காயும் புளியும் வாங்கிக் கீழே கொண்டுபோய் விற்பதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்ட முதியவர் ஒருவர், 2012-இல் அமெரிக்காவில் குடியுரிமை பெற்றிருந்த தம் மூத்த மகனிடம் குடியேறப் புறப்பட்டார். அவருடைய இளைய மகன் நம்மிடம் ஓதியவர். பயணத்திற்கு இரண்டு நாட்களுக்கு முன் அவர் தொலைபேசியில் நம்மை அழைத்து, "ஹஜ்ரத், அத்தாவுடைய எக்ஸ்ரே படத்தைக் கையிலேயே கொண்டுபோகச் சொல்லியிருக்கிறார்கள். விமான நிலையத்தில் பையைச் சோதிக்கிற இயந்திரமும் எக்ஸ்ரேதானே? அதில் வைத்தால் படம் அழிந்துவிடாதா?" என்று கேட்டார்.

ஒளூவின் சட்டம் கேட்பவரும் நம்மிடமே வருகிறார், ஊடுகதிரின் சட்டம் கேட்பவரும் நம்மிடமே வருகிறார். மக்கள் நம்மீது கொண்டுள்ள நல்லெண்ணம் அத்தகையது. அறியாததை அறிந்தவரிடம் கேட்டுச் சொல்வதே முறையாதலால், படம் எடுக்கும் தொழிலில் நெடுநாள் இருந்த நண்பர் ஒருவரை அணுகினோம். அவர் சிரித்துக்கொண்டே விளக்கினார். கதிருக்கு அஞ்ச வேண்டியது இன்னும் கழுவப்படாத படச்சுருளே. கழுவி முடித்த படத்தில், கதிர் பட்ட இடங்களில் வெள்ளி கறுத்துப் படிந்துவிடும். எஞ்சிய வெள்ளியுப்பை ஹைப்போ கரைசல் கரைத்து நீக்கிவிடும். அதன்பின் அந்தப் படத்தில் கதிரை உணர எதுவும் மிஞ்சுவதில்லை. எத்தனை முறை இயந்திரத்தில் வைத்தாலும் அது மாறாது. அதைக் கெடுப்பவை மடிப்பும் வெப்பமும் ஈரமுமே. ஆகவே இரண்டு அட்டைகளுக்கு இடையில் மடிக்காமல் வைத்து எடுத்துச் செல்லட்டும் என்றார்.

கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. ஆயினும் வேறொன்று நம் மனத்தில் தங்கிவிட்டது. ஒரு மனிதர் தம் நுரையீரலின் நிழலைக் கையில் ஏந்தி எல்லையில் நிற்க வேண்டும் என்னும் வழக்கம் எங்கிருந்து வந்தது?

நோயுள்ள ஊருக்கும் நோயில்லாத ஊருக்கும் இடையே ஓர் எல்லை இட வேண்டும் என்னும் கருத்து இஸ்லாமிய வரலாற்றுக்குப் புதிதன்று. ஹிஜ்ரி 18 (கி.பி. 639) அளவில் ஷாம் நாட்டில் அம்வாஸ் கொள்ளைநோய் பரவிய காலத்தில், அங்குச் சென்றுகொண்டிருந்த கலீஃபா உமர் (ரலி) அவர்கள் ஸர்கு என்னுமிடத்தில் செய்தியறிந்து, முஹாஜிர்களிடமும் அன்ஸார்களிடமும் குறைஷி முதியோரிடமும் ஆலோசித்துத் திரும்பிவிட முடிவு செய்தார்கள். இறைவிதியிலிருந்து ஓடுவதா என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் வினவியதும், இறைவிதியிலிருந்து இறைவிதிக்கே செல்வதாக உமர் (ரலி) அவர்கள் விடையளித்ததும் நம் வாசகர்கள் அறிந்தவையே. பின்னர் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள் அறிவித்த நபிமொழி, நோயுள்ள ஊருக்குள் நுழைவதையும் அங்கிருப்பவர் வெளியேறுவதையும் ஒருசேரத் தடுத்தது. இதில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கட்டளை கலீஃபாவையும் ஒட்டகம் ஓட்டுபவரையும் ஒரே வரிசையில் நிறுத்தியது.

பிற்கால எல்லைகள் அப்படி நிறுத்தவில்லை. 1865-இல் ஹஜ்ஜுப் பயணிகளிடையே பரவிய காலராவில் ஏறத்தாழ 15,000 பேர் இறந்ததாக மதிப்பிடப்பட்டது. அடுத்த ஆண்டே கான்ஸ்டாண்டிநோபிளில் பன்னாட்டுச் சுகாதார மாநாடு கூடியது. 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்ததும் ஐரோப்பாவின் அச்சம் இன்னும் கூடியது. உஸ்மானிய அரசு 1882-இல் செங்கடலில் யமன் கரையை ஒட்டிய கமரான் தீவில் தடுப்புக்காப்பு நிலையம் அமைத்தது. இந்தியாவிலிருந்து செல்லும் ஹாஜிகள் ஜித்தாவைக் காணுமுன் அங்கு இறங்கி, உடைமைகளை ஆவியில் அவிக்கக் கொடுத்து, அதற்குக் கட்டணமும் செலுத்தி நாட்களைக் கழிக்க வேண்டியிருந்தது. 1915-இல் தீவு பிரிட்டிஷார் கைக்கு மாறிய பின்னும் இந்த வழக்கம் தொடர்ந்தது. ஹாஜிகளுக்கென்று இருந்த தனிச் சுகாதார விதிகள் 1950களின் நடுவிலேயே நீங்கின.

தமிழகத்தின் கடல்வாயில்களிலும் இதே காட்சிதான். இலங்கைத் தோட்டங்களுக்குச் செல்வோரைத் தடுத்துவைத்த நிலையம் முதலில் தூத்துக்குடியை அடுத்த தட்டப்பாறையில் இருந்தது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்து போட் மெயில் ஓடத் தொடங்கிய பின் மண்டபம் முகாம் முதன்மை பெற்றது. இந்திய மண்ணில் இருந்த அம்முகாமை நடத்தியது இலங்கை அரசு. தோட்டத் தொழிலாளரும் மூன்றாம் வகுப்புப் பயணிகளும் அங்கே நாள் கணக்கில் தங்கி அம்மைப்பால் குத்திக்கொண்டு, கொக்கிப்புழுவுக்கு மருந்தும் உண்ட பிறகே படகேற முடிந்தது. மேல்வகுப்புச் சீட்டு வைத்திருந்தவருக்கோ, போய்ச் சேர்ந்த ஊரில் மருத்துவரிடம் தலைகாட்டினால் போதும். காலராவும் பெரியம்மையும் பயணச்சீட்டின் நிறம் பார்த்துத் தொற்றும் நோய்கள் என்று அந்த அதிகாரிகள் நம்பியிருக்க முடியாது. ஆனால் விதிகளை அப்படித்தான் எழுதினார்கள். நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா முதலிய கப்பல்களில் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் சபர் சென்ற நம் முன்னோருள் மேல்தளப் பயணிகளாகப் போனவர்கள், ஜெரஜா தீவையும் செயின்ட் ஜான்ஸ் தீவையும் பற்றிச் சொன்ன கதைகள் கடலோர ஊர்களின் பழைய வீடுகளில் இன்றும் நினைவிலிருக்கின்றன.

அந்நாளில் பயணியின் உடலே சாட்சியாக இருந்தது. நாக்கை நீட்டச் சொல்லியும் நாடியைப் பிடித்தும் தோலைப் பார்த்தும் அனுப்பினார்கள். உடலுக்குப் பதிலாக உடலின் படம் சாட்சி சொல்லும் காலம் ராண்ட்ஜனுக்குப் பின் வந்தது.

வில்ஹெல்ம் ராண்ட்ஜன் 1895 நவம்பர் 8 அன்று அந்தக் கதிரைக் கண்டபோது, அதன் தன்மை அறியாததால், கணிதத்தில் அறியாத அளவுக்கு இடும் எக்ஸ் என்னும் எழுத்தையே அதற்குப் பெயராக்கினார். இக்கால அரபுக் கணிதத்தில் அறியாத அளவுக்கு இடும் எழுத்து ஸீன். ஆகவே அரபியில் அது 'அல்அஷிஅத்துஸ் ஸீனிய்யா' ஆயிற்று. வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் 'அஷிஆ' என்று சொல்வது இதையே. (இந்த இடத்தில் இப்னுல் ஹைதமின் 'கிதாபுல் மனாழிர்' நூலைக் குறிப்பிட்டு, இதுவும் நம்முடையதே என்று முழங்குவது நம் மேடைகளின் வழக்கம். அப்பெருமகனார் ஆராய்ந்தது கண்ணுக்குப் புலப்படும் ஒளியை. அவர் பெருமைக்கு அதுவே போதும். ராண்ட்ஜனுடையதைப் பிடுங்கிக் கொடுக்க வேண்டியதில்லை.)

சென்னையில் பர்னார்டு கதிரியல் நிலையம் 1934-இல் திறக்கப்பட்டது. அதற்கு முன்பே, 1928-இல், டாக்டர் சௌரிமுத்து தாம்பரத்தில் காசநோய்ச் சானடோரியம் தொடங்கியிருந்தார். 1937-இல் அரசு அதனை ஏற்றது. காசநோயருக்குத் தூய காற்றும் ஓய்வும் தனிமையுமே மருந்து என்றிருந்த காலம் அது. மார்புப் படத்தில் நிழல் கண்டால் குடும்பத்தைப் பிரிந்து போக வேண்டும். அந்த நம்பிக்கையை உலகெங்கும் அசைத்த ஆய்வு நடந்ததும் சென்னையிலேயே. 1956-இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியன சேர்ந்து அமைத்த காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தில், நோயாளிகளுள் ஒரு சாரார் சானடோரியத்திலும் மற்றொரு சாரார் தம் நெருக்கமான குடிசைகளிலும் இருந்து ஒரே மருந்தை உண்டனர். 1959-இல் வெளியான முடிவுப்படி, வீட்டிலிருந்தோர் அடைந்த குணம் சானடோரியத்தில் இருந்தோரின் குணத்திற்கு ஏறக்குறைய நிகராக இருந்தது. உடன் வாழ்ந்த மனைவி மக்களுக்கும் அதனால் கூடுதல் தொற்று நேரவில்லை. மருந்து உண்பவரை ஒதுக்கிவைக்க வேண்டியதில்லை என்பதை நம் ஊர்க் குடிசைகள் உலகுக்கு மெய்ப்பித்தன.

எல்லைகளின் விதிகள் இப்பாடத்தை எளிதில் ஏற்கவில்லை. 1960களில் துணைக்கண்டத்திலிருந்து பிரிட்டனுக்குச் சென்றவர்கள் ஹீத்ரூ விமான நிலையத்தில் வரிசையில் நிறுத்தப்பட்டு மார்புப் படம் எடுக்கப்பட்டனர். அந்த வரிசையைத் தவிர்க்கவே, பின்னர் பல ஆண்டுகள் மாணவர்கள் ஊரிலேயே எடுத்த படத்தைக் கைப்பையில் கொண்டு சென்றனர். இதிலும் இழிவானது 1970களில் நடந்தது. தந்தையிடம் சேரச் செல்லும் வங்காளதேச, பாகிஸ்தானியச் சிறுவர்களின் வயதை நம்பாமல், டாக்காவிலும் இஸ்லாமாபாதிலும் அவர்களது எலும்புகளைப் படமெடுத்து வயது கணித்தார்கள். எலும்பின் வளர்ச்சி ஆண்டுக் கணக்கில் முன்பின்னாக இருக்கும் என்பது மருத்துவர் அறிந்ததே. பெற்றவளின் சொல்லைத் தள்ளி எலும்பின் நிழலைச் சாட்சியாகக் கொண்ட அந்த முறையை, பெருங்கண்டனத்திற்குப் பின் 1982-இல்தான் பிரிட்டன் கைவிட்டது.

வளைகுடா நாடுகளின் விதி வேறு வகை. அங்கு வேலைக்குச் செல்வோரின் படத்தில், என்றோ குணமான காசநோயின் தழும்பு தெரிந்தாலும் 'தகுதியற்றவர்' என்னும் முத்திரை விழும். சளியில் கிருமி இல்லை என்று நிறுவினாலும் பயனில்லை. நாம் முதலில் குறிப்பிட்ட கரியாலூர்ப் பெரியவருக்கு நேர்ந்ததும் இதுவே. இளமையில் காசநோய் கண்டு, அரசு மருத்துவமனை மருந்தை முழுமையாக உண்டு நலமடைந்தவர் அவர். பின்னர் சவூதி செல்ல முயன்றபோது சோதனைக் கூடத்தில் ஒரு நிமிடத்தில் திருப்பி அனுப்பப்பட்டார். அதன் பிறகே மலையேறிக் கடுக்காய் வியாபாரத்தில் இறங்கினார்.

மக்கள் நெடுநாள் 'காம்கா' என்று அழைத்த அந்தச் சோதனை முறைக்கு இப்போது 'வாஃபித்' என்று பெயர். அரபு கற்றவருக்கு இச்சொல் உறுத்தாமல் இராது. தூதுக்குழுவாக வருபவர் வாஃபித், குழு வஃப்து. ஹிஜ்ரி 9-ஆம் ஆண்டுக்குத் தூதுக்குழுக்களின் ஆண்டு என்றே சீராவில் பெயர். அவ்வாறு வந்த ஸகீஃப் குலத்தார் குழுவில் தொழுநோயாளர் ஒருவர் இருந்தார். இறைத்தூதர் (ஸல்) அவர்கள் அவருக்கு ஆளனுப்பி, அவருடைய பைஅத்தை ஏற்றுக்கொண்டதாகவும் அவர் திரும்பிச் செல்லலாம் என்றும் அறிவித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. தடுத்து நிறுத்துவதற்கு ஆதாரம் தேடுவோர் இதன் பின்பாதியை எடுத்துக்கொள்வர். அதை நாம் மறுக்கவில்லை; அவர் உள்ளே அழைக்கப்படவில்லை என்பது உண்மையே. ஆனால் அவர் கேட்டு வந்ததைப் பெற்றே திரும்பினார். அவரது நோய் அவரது உடன்படிக்கையைச் செல்லாததாக்கவில்லை. மேலும், அவர் திரும்பியது நோய் உடலில் இருக்கும்போது. நலமடைந்து முப்பது ஆண்டு கழிந்த தழும்புக்கு இச்செய்தியை ஆதாரமாக்குவது எவ்வகை கியாஸ் என்று நமக்கு விளங்கவில்லை.

அமெரிக்காவுக்கான சோதனையிலும் அதே தழும்பு தெரிந்தது. ஆனால் அங்கு அது முடிவாகக் கொள்ளப்படாமல் கேள்வியாகவே கொள்ளப்பட்டது. மூன்று நாள் தொடர்ந்து சளி எடுத்தார்கள். கிருமி வளர்கிறதா என்று வாரக்கணக்கில் காத்திருந்தார்கள். பழைய படங்கள் உள்ளனவா என்றும் கேட்டார்கள். தழும்பு அன்றிருந்தபடியே இன்றும் இருந்தால், அது உறங்கிவிட்ட நோய் என்பதற்குப் பழைய படமே சிறந்த சான்று.

பெரியவரின் தகரப் பெட்டியில் மூன்று படங்கள் இருந்தன. கரியாலூரின் மழையும் மூடுபனியும் அவற்றை விட்டுவைக்கவில்லை. இரண்டு ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. பிரித்தபோது ஒன்று உரிந்துவிட்டது. மற்றொன்று தெளிவாக வந்தது, ஆனால் அதில் பெயரில்லை. பெயர் காகித உறையின் மேலேயே எழுதப்பட்டிருந்தது. மருத்துவர் அதை ஒதுக்கிவிட்டார். அதைக் கேட்டபோது நமக்கு வருத்தத்தைவிட வியப்பே மிகுந்தது. நம் ஹதீஸ் கலை வல்லுநர் செய்திருக்கக்கூடியதையே அவர் செய்திருக்கிறார். மத்ன் எத்துணை நேர்த்தியாக இருந்தாலும் அறிவிப்பவர் மஜ்ஹூல் ஆனால் அது சான்றாகாது. மூன்றாவது படத்தின் மூலையில், எடுத்த நேரத்திலேயே ஈய எழுத்துகளை வைத்துப் பதித்த எண்ணும் தேதியும் படத்தோடு படமாக வெளுத்துத் தெரிந்தன. மருத்துவமனைச் சீட்டின் எண்ணோடு அது பொருந்தியது. அந்தப் படம் ஏற்கப்பட்டது.

புறப்படும் நாளில் முத்திரையிட்ட உறை ஒன்றையும், பழையதும் புதியதுமான படங்களையும் மார்போடு அணைத்தபடி பெரியவர் மீனம்பாக்கத்தில் நின்றார். உறையைப் பிரிக்கக் கூடாது, படத்தைப் பெட்டியில் போடக் கூடாது என்பது கட்டளை. உறை அவரிடம் ஓர் அமானிதம்; ஆனால் அதனுள் எழுதப்பட்டிருந்தது அவரைப் பற்றியே. தம்மைப் பற்றிய சாட்சியத்தைத் தாமே சுமந்து, தாம் படிக்காமல் ஒப்படைக்க வேண்டும். ஏறத்தாழ ஒன்றரை அடி நீளப் படம் தட்டில் அடங்காததால் பாதுகாப்புப் பணியாளர் அதை வளைக்கப் போனாராம். பெரியவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். சற்று வாக்குவாதத்திற்குப் பின் அட்டையோடு தட்டின்மேல் படுக்கவைத்து அனுப்பினார்கள். இயந்திரத்தின் திரையில் அது ஒரு மங்கிய கட்டமாக மட்டுமே தெரிந்தது என்று இளைய மகன் பின்னர் கேள்விப்பட்டதைச் சொன்னார்.

இப்போது பல நாடுகளில் படங்கள் கணினி வழியாகவே தூதரகங்களுக்குச் சென்றுவிடுகின்றன. பிரிட்டனுக்கான காசநோய்ச் சோதனையும் புறப்படும் நாட்டிலேயே முடிந்துவிடுகிறது. கையில் படத்தோடு நிற்கும் பயணி குறைந்துவருகிறார். ஆனால் ஈய எழுத்துப் பதித்த பழைய படங்களைப் பெட்டியில் வைத்திருப்போர் நம் ஊர்களில் இன்னும் உள்ளனர். அவர்களுக்கு அவற்றை ஈரம் படாமல், ஒன்றன்மேல் ஒன்று ஒட்டாமல் இடையே காகிதம் வைத்துக் காக்கச் சொல்கிறோம்.

சென்ற இடத்தில் சுகாதாரத் துறை மருத்துவர் இரு படங்களையும் விளக்கின் முன் அருகருகே மாட்டிப் பார்த்து, மாற்றம் எதுவுமில்லை என்று எழுதிக்கொடுத்துப் படங்களைத் திருப்பித் தந்தார். இரண்டாண்டு கழித்து ஊர் காண வரும்போது பெரியவரே நம்மைத் தொலைபேசியில் அழைத்தார். பழைய படத்தைக் கரியாலூருக்கே கொண்டுவர விரும்புகிறாராம். வரும் வழியிலும் அந்த இயந்திரத்தில் வைக்கலாமா என்று கேட்டார். வைக்கலாம் என்றோம்.